மணிச்சத்து

தமிழில் உரச் சத்துக்களுக்குப் பெயர் வைத்தவர் யாரோ, ரசனை உள்ளவராகத்தான் இருந்திருக்க வேண்டும். நைட்ரஜனுக்குத் தழைச்சத்து. பொட்டாஷுக்குச் சாம்பல் சத்து. பாஸ்பரஸுக்கு மணிச்சத்து. கல்லூரியில் இரண்டு வருஷம் ரசாயனம் படித்த காலத்தில் பாஸ்பரஸ் என்றால் எனக்குத் தண்ணீருக்குள் போட்டு வைத்திருக்கும் மஞ்சள் குச்சிதான் ஞாபகம் வரும். வெளியே எடுத்தால் தானே பற்றிக்கொள்ளும். ஹாம்பர்க் நகரத்தில் பிராண்ட் என்ற ரசவாதி 1669-ல் தங்கம் தேடி மூத்திரத்தைக் காய்ச்சிக் காய்ச்சிக் கடைசியில் இருட்டில் ஒளிவிடும் இந்த வஸ்துவைக் கண்டுபிடித்த கதையையும் வாத்தியார் சொல்லியிருக்கிறார். அந்தப் பொல்லாத சரக்குக்கும் நெல்மணிக்கும் உறவு உண்டு என்று அந்தப் பெயர்தான் எனக்கு முதலில் சொல்லிற்று.

ஆனால் பெயர் அழகாக இருக்கிறதே என்று நம்பிப் போனால் ஏமாற வேண்டியதுதான். மணி பிடிக்கிற சமயத்தில் போட வேண்டிய சத்து போலிருக்கிறது என்று, கதிர் எட்டிப் பார்த்த பிறகு மூட்டையைப் பிரிப்பவர்கள் உண்டு. அப்போது மண்ணில் போட்டது அந்தப் போகத்துக்கு அநேகமாக உதவாது. பயிர் தனக்கு வேண்டிய பாஸ்பரஸில் பெரும்பகுதியை இளமையிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறது. பிற்பாடு இலையிலிருந்தும் தண்டிலிருந்தும் எடுத்துக் கதிருக்கு அனுப்புகிறது. அறுவடையன்று கணக்குப் பார்த்தால் செடியிலுள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய முக்கால் பங்கு தானியத்தில் இருக்கும். பெயர் வைத்தவர் முடிவைப் பார்த்து வைத்துவிட்டார். வேலை நடப்பதெல்லாம் ஆரம்பத்தில், வேரில்.

இந்தச் சத்து குறைந்தால் பயிர் கூச்சல் போடுவதில்லை என்பது இன்னொரு சங்கடம். தழைச்சத்து குறைந்தால் வயல் மஞ்சளடிக்கும். ரோட்டில் போகிறவன்கூடச் சொல்லிவிடுவான். மணிச்சத்து குறைந்த நெல்லோ நல்ல கரும்பச்சையாக நிற்கும். சோளமாக இருந்தால் இலை ஓரத்தில் கொஞ்சம் ஊதா படரும். குட்டையாக, விறைப்பாக, தூர் கட்டாமல் நிற்கும். பக்கத்து வயல் பூத்துப் பத்து நாள் ஆன பிறகும் இது நின்றுகொண்டே இருக்கும். பச்சையைப் பார்த்து 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருந்தால் களத்துமேட்டில்தான் உண்மை தெரியும்.

இதையெல்லாம் மனிதர்கள் எப்படித் தெரிந்துகொண்டார்கள், அதில் சென்னைப் பட்டணத்துக்கு என்ன பங்கு என்பதைத் துருவிக்கொண்டு போனேன். போன வழியில் சைதாப்பேட்டை வந்தது.

அடையாற்றங்கரையில் இன்று பஸ்ஸும் ரயிலும் மெட்ரோவும் நெருக்கியடிக்கும் சைதாப்பேட்டையில், 1865-ல் 350 ஏக்கரில் சர்க்கார் சோதனைப் பண்ணை ஒன்று ஏற்பட்டது. அப்போது சென்னைக் கவர்னர் சர் வில்லியம் டெனிசன். நீராவிக் கலப்பை, கதிரடிக்கும் யந்திரம், தூற்றும் யந்திரம், தீவனம் நறுக்கும் கத்தி என்று கப்பலில் சாமான்கள் வந்து இறங்கின. 1868-ல் அங்கேயே ஒரு விவசாயப் பள்ளிக்கூடம். இன்றைய கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் ஜாதகத்தை இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்துதான் எழுதுகிறது. அக்காலத்தில் தியாகராய நகர் கிடையாது. அது இருக்கும் இடத்தில் ஒரு நீண்ட ஏரி தண்ணீர் ததும்பிக்கொண்டிருந்தது. 1920களில் அதை வற்ற அடித்துத்தான் நகர் அமைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் ஏரியைத் தேடிக்கொண்டு இன்னும் கிடக்கிறது.

பண்ணை வைத்த துரைமார்கள் எந்த ஊர் விவசாயத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் அப்போது எலும்பு யுகம். எலும்பைப் பொடி செய்து நிலத்தில் போட்டால் டர்னிப் கிழங்கு பிரமாதமாக வருகிறது என்று குடியானவர்கள் கண்டிருந்தார்கள். சில நிலத்தில் வந்தது, சில நிலத்தில் வரவில்லை. ஏன் என்று கேட்ட ஜான் பென்னட் லாஸ் என்ற ஜமீன்தார் எலும்பின்மேல் கந்தகத் திராவகத்தை ஊற்றிப் பார்த்தார். கரையாத பாஸ்பேட் கரைகிற பாஸ்பேட்டாக மாறிற்று. 1842-ல் அதற்குப் பேட்டண்ட் வாங்கினார். அதுதான் சூப்பர் பாஸ்பேட். அடுத்த வருஷமே ராதம்ஸ்டெட் என்ற தம் பண்ணையில் ஆராய்ச்சி தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது. உரம் விற்றுக் கிடைத்த லாபம் ஆராய்ச்சிக்குப் போயிற்று. எலும்புக்குக் கிராக்கி எவ்வளவு என்றால், இங்கிலாந்து யுத்தகளங்களைக்கூடத் தோண்டி எலும்பு வாரிக்கொண்டு போகிறது என்று ஜெர்மன் ரசாயனப் பேராசிரியர் லீபிக் திட்டித் தீர்த்தார்.

அந்தக் கிராக்கி இந்தியாவையும் விடவில்லை. இங்கே எலும்பு மலிவு. உயர்ந்த ஜாதி ஹிந்துக் குடியானவர் அதைத் தொடமாட்டார். தம் நிலத்தில் போடவும் கூசுவார். பொறுக்குகிறவர்கள் பரம ஏழைகள். அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்ததை வியாபாரி வாங்கித் துறைமுகத்துக்கு அனுப்பினார். ஆயிரக்கணக்கான டன் எலும்பு வருஷந்தோறும் கப்பலேறிற்று. மாடு மேய்ந்த புல், அந்தப் புல் உறிஞ்சிய நிலத்துச் சத்து, எல்லாம் அதோடு போயிற்று. இதைத் தடுக்கலாமா கூடாதா என்ற விவாதம் இருபதாம் நூற்றாண்டிலும் வெகுகாலம் நடந்தது. தடுத்துவிட்டால் இங்குள்ள குடியானவர் உடனே வாங்கிப் போட்டுவிடுவாரா என்ற கேள்விக்குத்தான் யாரிடமும் நல்ல பதில் இல்லை.

1889 டிசம்பரில் டாக்டர் வோல்க்கர் என்ற விவசாய ரசாயன நிபுணர் இந்தியாவுக்கு வந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் ஊர் ஊராகச் சுற்றி 1893-ல் பெரிய அறிக்கை ஒன்று வெளியிட்டார். இந்தியக் குடியானவர் மூடர் என்று எதிர்பார்த்து அவரை அனுப்பியவர்களுக்கு அது கொஞ்சம் கசந்திருக்கும். நல்ல குடியானவர் எவரும் இங்கிலாந்துக் குடியானவருக்குச் சளைத்தவர் அல்ல, சில விஷயங்களில் மேல் என்றே அவர் எழுதிவிட்டார். குறை அறிவில் இல்லை, எருவில் என்பது அவர் கட்சி. சாணத்தை வறட்டி தட்டி எரிப்பது முட்டாள்தனத்தால் அல்ல, விறகு இல்லாததால்; விறகுக்கு வழி செய்யுங்கள், சாணம் தானாக வயலுக்குப் போகும் என்றார்.

வறட்டியை எரித்தால் தழைச்சத்து புகையாகப் போய்விடும். பாஸ்பரஸ் போவதில்லை, சாம்பலில் தங்கிவிடுகிறது. கிராமத்தில் அந்தச் சாம்பல் குப்பைக்குழிக்குப் போய் வயலுக்குத் திரும்பும். மயிலாப்பூர் வீடுகளில் அதைப் போட்டுப் பாத்திரம் தேய்த்துச் சாக்கடையில் விட்டார்கள். குடியானவருக்குச் சூப்பர் பாஸ்பேட் தெரியாவிட்டாலும் பாஸ்பரஸ் தெரியாமல் இல்லை. கோடையில் ஏரி வண்டலை வண்டி வண்டியாக அடித்தார். ஆட்டுக்கிடை மடக்கினார். பிண்ணாக்குப் போட்டார். இவை எல்லாவற்றிலும் அது இருந்தது. அளவுதான் கொஞ்சம்.

இந்தச் சமயத்தில் சென்னை ராஜதானிக்கு ஓர் அதிர்ஷ்டம் அடித்தது போல இருந்தது. திருச்சி ஜில்லா பெரம்பலூர் தாலுகாவில் களிமண்ணுக்குள் உருண்டை உருண்டையாகப் பாஸ்பேட் கற்கள் கிடக்கின்றன என்று தெரிய வந்தது. பல கோடி வருஷங்களுக்கு முன் அங்கே கடல் இருந்த காலத்துச் சொத்து. நிலவியல் இலாகாவைச் சேர்ந்த டாக்டர் வார்த் 1893-ல் கணக்குப் போட்டார்: 200 அடி ஆழம்வரை பார்த்தால் 80 லட்சம் டன். கேட்கவே நன்றாக இருக்கிறது! ஆனால் கற்கள் களிமண்ணில் சிதறிக் கிடந்தன. 100 கன அடி மண்ணைத் தோண்டினால் சில இடங்களில் 27 பவுண்டு, சில இடங்களில் 47 பவுண்டு. கல்லில் பாதிக்கு மேல் பாஸ்பேட் இருந்தும் கூடவே சுண்ணாம்புக் கார்பனேட்டும், இரும்பும், அலுமினியமும் இருந்தன. கார்பனேட் திராவகத்தைக் குடித்துவிடும். இரும்பும் அலுமினியமும் கரைந்த பாஸ்பேட்டை மறுபடி பிடித்துக்கொள்ளும். திராவகம் வேண்டாம், மாவாக அரைத்துக் காப்பித் தோட்டங்களுக்கு விற்றுவிடலாம் என்று பார்த்தார்கள். அதுவும் போணியாகவில்லை. உருண்டைகள் பெரம்பலூரிலேயே தங்கிவிட்டன.

1906-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, சைதாப்பேட்டைப் பள்ளி மூட்டை கட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போயிற்று. இரண்டு, பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலையை ஆரம்பித்தது. வருஷத்துக்கு 6,000 டன் செய்யக்கூடியது. நம் பாரி முனைப் பாரிதான். ஒரே வருஷத்தில் உரமும் பிறந்தது, உரத்தைச் சோதிக்கிற இடமும் பிறந்தது. யாரும் ஜாதகம் பார்த்துச் செய்ததில்லை, தற்செயல்.

கோயம்புத்தூரில் 1909-ல் செம்மண் நிலம் ஒன்றைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். ஒரு துண்டுக்கு ஒன்றும் கிடையாது. ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும். ஒன்றுக்கு மணிச்சத்து மட்டும். ஒன்றுக்குச் சாம்பல் சத்து மட்டும். பிறகு இரண்டிரண்டாக, மூன்றும் சேர்த்து, மாட்டெரு மட்டும் என்று பிரித்தார்கள். சோளம், கேழ்வரகு என்று பயிர் மாறி மாறி வரும். துண்டுக்குப் போடுவது மட்டும் மாறாது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சாம்ராஜ்யம் போயிற்று, ராஜதானி போயிற்று, இரண்டு உலக யுத்தம் வந்து போயிற்று. இந்தத் துண்டுகளுக்குப் படியளப்பது மட்டும் நிற்கவில்லை. இந்தியாவில் இவ்வளவு நாள் நடந்துவருகிற உரச் சோதனை வேறு இல்லை. ஒரு நாவலாசிரியனுக்குப் பொறாமையாக இருக்கிறது. நூறு வருஷம் ஒரே கதாபாத்திரங்களை வைத்துக்கொண்டு கதை சொல்ல யாரால் முடியும்?

கதையின் சாரம் இது. தழைச்சத்து மட்டும் வாங்கிக்கொண்ட துண்டு வரவர ஒன்றுமே வாங்காத துண்டின் தரித்திரத்துக்கு இறங்கிவிட்டது. தழையோடு சாம்பலும் வாங்கியதற்கும் பெரிய விமோசனம் இல்லை. மணிச்சத்தும் கூட வாங்கியவை தாக்குப் பிடித்தன. அந்தச் செம்மண்ணுக்கு முதல் பசி பாஸ்பரஸ்பசி. அது தீராமல் வேறு எதைப் பரிமாறினாலும் பயிர் தொடவில்லை.

'அப்படியானால் எல்லா வயலுக்கும் மணிச்சத்தைப் போடு' என்று தோன்றும் இல்லையா? நிறையப் பேருக்குத் தோன்றியிருக்கிறது. இங்கேதான் மண் குறுக்கே வந்து நிற்கிறது.

யூரியா போட்டால் தண்ணீரோடு கலந்து ஓடும், ஆவியாகும், வேரைத் தேடி வரும். பாஸ்பேட் அப்படி இல்லை. போட்ட இடத்திலிருந்து ஓர் அங்குலம் நகர்வதே பெரும்பாடு. நகர்வதற்குள் மண் பிடித்துக்கொண்டுவிடும். புளித்த செம்மண்ணிலும் செம்புறை மண்ணிலும் இரும்பும் அலுமினியமும் பிடிக்கும். கரிசலில், சுண்ணாம்பு கலந்த மண்ணில், சுண்ணாம்பு பிடிக்கும். ராணிப்பேட்டையில் திராவகம் ஊற்றிக் கஷ்டப்பட்டுக் கரைத்ததை மண் சில நாளில் மறுபடி கல்லாக்கப் பார்க்கிறது. கோயம்புத்தூரில் ரசாயன நிபுணராக இருந்து பின்பு பூசாவுக்குப் போன ஹாரிசன், தாஸ் என்பவரோடு சேர்ந்து, சுண்ணாம்பு மண்ணும் சுண்ணாம்பில்லாத மண்ணும் பாஸ்பேட்டை எப்படி எப்படிப் பிடித்து வைக்கின்றன என்று 1921-ல் எழுதினார். மூட்டையில் உள்ளதில் முதல் பயிர் எடுத்துக்கொள்வது ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். மீதி மண் வீட்டு இரும்புப் பெட்டிக்குப் போய்விடும். தொலைந்துபோகிறது என்று சொல்ல முடியாது; அடுத்த வருஷங்களில் சிறுகச் சிறுக வெளியே வரும். ஆனால் கடன் வாங்கி உரம் போட்ட குடியானவருக்கு அடுத்த வருஷம் என்பது தூர தேசம்.

இதிலிருந்துதான் போடும் வகையும் வந்தது. செம்மண்ணில் மேலே வீசித் தூவினால் மண்ணோடு நன்றாகக் கலந்து நன்றாகச் சிறைப்படும். விதைக்குக் கீழே, இரண்டு விரல் தள்ளி, வரிசையாக வைத்தால் கொஞ்சம் உரம் நிறைய உரத்தின் வேலையைச் செய்யும். கோவில்பட்டிக் கரிசலில் இதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. மானாவாரிச் சோளத்துக்கு மழை நின்ற பிறகு மேல்மண் காய்ந்துவிடும், வேர் ஈரத்தைத் தேடி அடியில் போய்விடும். மேலே கிடக்கிற பாஸ்பேட்டும் கீழே போன வேரும் ஆயுசுக்கும் சந்திப்பதில்லை. நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் விவகாரமே தலைகீழ்: மண்ணின் புளிப்பே பாறைப் பாஸ்பேட்டை மெல்லக் கரைக்கும், மாவாக அரைத்துப் போட்டாலே போதும். அதே மாவைக் கரிசலில் போடுவது கருங்கல் ஜல்லி போடுவதற்குச் சமம்.

இப்போது நெல்லுக்கு வருகிறேன். நெல் இந்தச் சட்டங்களுக்கெல்லாம் விலக்கு வாங்கி வைத்திருக்கிறது.

என் பெரியப்பா பிள்ளை ஒருவர் அடையாற்றில் இருக்கிறார். மன்னார்குடிப் பக்கம் நாலு ஏக்கர் நிலம். மாதம் ஒரு முறை போய் வருவார். நான் இந்த விஷயத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று யாரோ சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார்.

"ஏண்டா, நீதான் உலகத்தையெல்லாம் படித்து எழுதுகிறாயே, இதைச் சொல்லு. போன இரண்டு குறுவைக்கும் டி.ஏ.பி. கிடைக்கவில்லை என்று ஒரு துண்டுக்குப் போடாமலே விட்டேன். கண்டுமுதல் குறையவில்லை. ஆள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், இத்தனை வருஷம் காசைக் கரைத்தீர்களே என்கிறான்."

"நல்லதுதானே, அண்ணா."

"நல்லதுதான். ஆனால் அறுப்புக்குப் பின்னால் அதே துண்டில் தெளித்த உளுந்து பிடிக்கவே இல்லையே! நெல்லுக்கு இருந்த சத்து உளுந்துக்கு எங்கே போச்சு?"

இதற்குப் பதிலின் முதல் வரியை எழுதியவர்களும் கோயம்புத்தூர்க்காரர்கள்தான். அதே ஹாரிசனும் சுப்பிரமணிய அய்யரும் 1913 முதல் சேற்றுநிலத்திலிருந்து கிளம்பும் வாயுக்களை ஆராய்ந்து வரிசையாகக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். நெல் வயலில் நடந்தால் காலடியில் குமிழி கொப்புளிக்கிறதே, அதுதான். தண்ணீர் கட்டிய சேறு காற்றில்லாத தனி உலகம், புன்செய் மண்ணின் ரசாயனம் அங்கே செல்லாது என்பது அதிலிருந்து துலங்க ஆரம்பித்தது. அந்த உலகத்தை முழுக்க விளக்கியவர் இலங்கைக்காரரான பொன்னம்பெருமா. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தார். நீரில் மூழ்கிய மண்ணின் ரசாயனம் பற்றி 1972-ல் அவர் எழுதியதைத் தாண்டி அந்தத் துறையில் யாரும் நடக்க முடியாது. காற்று அற்றுப்போன சேற்றில் துருப்பிடித்த இரும்பு தன் வேஷத்தை மாற்றிக்கொண்டு கரைகிறது. கரையும்போது அது இறுக்கிப் பிடித்திருந்த பாஸ்பேட்டையும் கைவிடுகிறது. புளிப்பு மண்ணும் உவர் மண்ணும் தண்ணீரடியில் நடுநிலைக்கு வருகின்றன. ஆக, அதே வயலில் சோளம் போட்டால் பட்டினி கிடக்கும். நெல் போட்டால் சாப்பிடும். நெல்லுக்குத் தண்ணீர் தாகத்துக்கு மட்டும் அல்ல. பூட்டைத் திறக்கிற சாவியும் அதுதான்.

தண்ணீரை வடித்தால் பூட்டு மறுபடி விழுகிறது. சேறு காய்ந்து காற்றுப் படுகிறது, இரும்பு பழையபடி துருவாகிறது, பாஸ்பேட்டைக் கட்டிக்கொள்கிறது. உளுந்து தெளிக்கிற நேரம் சரியாக அந்த நேரம்தான். அண்ணாவின் உளுந்துக்கு வேறு சீக்கும் இருந்திருக்கலாம். இது முக்கியமான ஒன்று. டெல்டாவில் இதற்கு ஒரு கைவைத்தியம் பண்ணுகிறார்கள். டி.ஏ.பி.யை முதல் நாள் ராத்திரி தண்ணீரில் ஊற வைத்து, காலையில் தெளிவை மட்டும் இறுத்து, இரண்டு சதவீதக் கரைசலாக்கிப் பூக்கும் சமயத்தில் இலைமேல் தெளிக்கிறார்கள். மண்ணிடம் கொடுத்தால்தானே பிடுங்கிக்கொள்ளும்? நேரே செடியின் வாயில் ஊட்டிவிடுகிறார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகமே சிபாரிசு செய்கிற முறை. அண்ணா இதைக் கேட்டுக்கொண்டு, "இதைத்தான் கூட்டுறவு சங்கத்துப் பையன் சொன்னான், நான்தான் விளம்பரம் என்று நினைத்தேன்" என்றார்.

இவ்வளவு வித்தியாசம் மண்ணுக்கு மண் இருக்கும்போது, மூட்டை மட்டும் ஏன் ஒன்றாக வந்தது? அது பஞ்சத்தின் அவசரம். 1960-ல் இந்தியா முழுவதிலும் ஏழு ஜில்லாக்களைப் பொறுக்கித் தீவிர விவசாயத் திட்டம் ஆரம்பித்தபோது தஞ்சாவூர் அவற்றில் ஒன்று. விதை, உரம், கடன், யோசனை எல்லாம் ஒரே கட்டாகக் கொடுத்தார்கள். ஜனங்கள் அதைப் 'பாக்கேஜ்' என்றே சொன்னார்கள். ஆடுதுறை 27 வந்தது, ஐ.ஆர். 8 வந்தது. 1971-ல் மணலியில் மெட்ராஸ் உரத் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கி, 17, 17, 17 என்று மூன்று சத்தும் சரிசமமாகப் போட்ட விஜய் உரம் மூட்டை மூட்டையாகக் கிளம்பியது. மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் சட்டை தைத்த மாதிரி. கேலிக்காகச் சொல்லவில்லை. சட்டையே இல்லாத காலத்தில் அளவு பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்த மூட்டைகள்தான் ரேஷன் கடை வரிசையைக் குறைத்தன.

ஆனால் வருஷங்கள் போகப் போக, மண்ணின் இரும்புப் பெட்டியில் சேர்ந்துகொண்டே வந்தது. போகத்துக்குப் போகம் டி.ஏ.பி. போட்ட டெல்டா வயல்கள் பலவற்றில் மண் பரிசோதனை செய்தால் பாஸ்பரஸ் 'அதிகம்' என்று சீட்டு வருகிறது. அண்ணாவின் குறுவை இளைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு பக்கம் மானாவாரிச் செம்மண் வயல்கள் பல இன்றும் பாஸ்பரஸ் பசியில் கிடக்கின்றன. இருக்கிற இடத்தில் கொட்டுகிறோம், இல்லாத இடத்துக்கு எட்டவில்லை. 1992 ஆகஸ்டில் பாஸ்பேட், பொட்டாஷ் உரங்களின் விலைக்கட்டுப்பாட்டைச் சர்க்கார் எடுத்துவிட்டது. யூரியா மட்டும் சர்க்கார் விலையில் நின்றது. மணிச்சத்து விலை ஏறியதும் ஏழைக் குடியானவர் எதைக் குறைப்பார் என்று கேட்க வேண்டியதில்லை. தழைச்சத்து மட்டும் வாங்கிய அந்தக் கோயம்புத்தூர்த் துண்டைத் தேசம் முழுக்க நடத்திப் பார்த்த மாதிரி ஆயிற்று. 2010-ல் சத்துக்குச் சத்து மானியம் என்று கொண்டுவந்தபோதும் யூரியாவை யாரும் தொடவில்லை.

சரக்கோ வெளிநாட்டுச் சரக்கு. ராஜஸ்தானில் உதயபூர் அருகே ஜமர்கோட்ராவில் 1968-ல் பாஸ்பேட் பாறை கண்டுபிடித்தார்கள். அது நம் தேவைக்குக் காணாது. உலகத்தில் தெரிந்த பாஸ்பேட் இருப்பில் சுமார் எழுபது சதவீதம் மொராக்கோ, மேற்கு சஹாரா என்ற ஒரு மூலையில் இருக்கிறது. எலும்பைக் கப்பலேற்றி அனுப்பிய துறைமுகங்களில் இன்று பாறை வந்து இறங்குகிறது.

வந்ததில் ஒரு பங்கு எங்கே போகிறது என்று பார்த்தால், நம் வீட்டு வாசலுக்கே வருகிறது. ஒரு டன் நெல்லோடு இரண்டரை, மூன்று கிலோ பாஸ்பரஸ் வயலைவிட்டுக் கிளம்புகிறது. அரிசியாகத் தியாகராய நகர் மளிகைக் கடைக்கு வருகிறது. நாம் சாப்பிடுகிறோம். சாப்பிட்டதில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போகிறது. சாக்கடையில் கணிசமானது அடையாற்றுக்கும் கூவத்துக்கும் போகிறது. கிராமத்தில் பழையபடி மனிதனும் மாடும் வயலோரத்தில் இருந்தவரை இது சுற்றிச் சுற்றி வந்தது. இப்போது மொராக்கோவில் கிளம்பி மன்னார்குடி வழியாக வங்காள விரிகுடாவுக்கு ஒருவழிப் பயணம். சைதாப்பேட்டைப் பாலத்தின்மேல் போகும்போது ஆற்றில் ஆகாயத்தாமரை எவ்வளவு செழிப்பாக இருக்கிறது என்று பார்க்கலாம். சோதனைப் பண்ணை இருந்த அதே கரை. அதற்கு யாரும் உரம் வைக்கவில்லை, நாம்தான் வைக்கிறோம்.

மண்ணைச் சோதித்துவிட்டுப் போடுங்கள் என்று 1955, 56-லேயே தேசத்தில் பரிசோதனைக் கூடங்கள் திறந்தார்கள். 2015 முதல் மண்வள அட்டையும் கொடுக்கிறார்கள். சோதிப்பதிலும் மண்ணுக்கேற்ற வித்தியாசம் உண்டு: புளிப்பு மண்ணுக்கு ஒரு கரைசல், சுண்ணாம்பு மண்ணுக்கு வேறு கரைசல், மாற்றிப் போட்டால் சீட்டு பொய் சொல்லும். அட்டை பீரோவில் இருக்கிறது, மூட்டை கடையில் இருக்கிறது, இரண்டும் சந்திப்பதுதான் அபூர்வம்.

கடைசியாக ஒரு நெல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். காசலத் என்பது இந்தியாவில் விளைந்த ஒரு பழைய ரகம். சத்துக் குறைந்த மண்ணில்கூட அது பாஸ்பரஸ் தேடி எடுத்துக்கொள்கிறதே என்று ஆராய்ந்துகொண்டு போய், அதற்குக் காரணமான ஜீனை 2012-ல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தாரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் தனியே பிரித்து அடையாளம் காட்டினார்கள். அந்த ஜீன் மண்ணோடு ஒன்றும் செய்வதில்லை. நாற்றுப் பருவத்திலேயே வேரை நிறைய வளரச் செய்கிறது, அவ்வளவுதான். பாசன நிலத்துக்கென்று உண்டாக்கிய புது ரகங்கள் பலவற்றில் அது கிடையாது. உரம் கொட்டிய சோதனைப் பாத்தியில் எல்லா நெல்லும் நன்றாகத்தான் வளரும். எதற்கு வேர் நீளம், எதற்கு இல்லை என்று அங்கே எப்படித் தெரியும்? தெரியாமலே கழித்துவிட்டார்கள். இப்போது அதைப் பழைய நெல்லிலிருந்து எடுத்துப் புது நெல்லில் ஒட்டுச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.